கிண்டியில் கண்ட முப்புரி

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, முன்னாளில் ஆங்கிலேயர் படைவீடாக இருந்த மிண்டன் குன்றின்மேல் மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் அமைந்துள்ளது. 1969-ஆம் ஆண்டில் தோன்றிய இக்கழகத்தின் இயற்பியல் துறையில் எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வு பல்லாண்டுகள் நடைபெற்று வந்திருக்கிறது. உப்புக்கல்லினும் சிறிய படிகத்தின்மேல் கதிரைப் பாய்ச்சி, அதனுள் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று கணித்துக் கூறுவதே இவ்வாய்வின் பணி. அங்கிருந்து வெளிவந்த கட்டுரைகள் பலவற்றில், மலேசிய ஆய்வாளர் பெயர்களோடு சென்னைக் கிண்டியைச் சேர்ந்த அண்ணா பல்கலைக் கழக ஆய்வாளர் பெயர்களும் இணைந்திருக்கக் காணலாம்.

இக்கலையில் கிண்டியின் பெயர் புதிதன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், அதே கிண்டியில் இருந்த சென்னைப் பல்கலைக் கழக ஆய்வுக்கூடம் ஒன்றில், மனித உடலில் மிகுதியாக உள்ள புரதத்தின் வடிவம் காணப்பட்டது. அதைக் கண்டவரின் பெயரால் வழங்கும் படம் ஒன்று இன்று உலகத்துப் புரத ஆய்வுக்கூடங்கள் அனைத்திலும் உரைகல்லாக விளங்குகிறது. அவ்வரலாற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். அதில் பெருமை மட்டுமன்றி, ஒரு தடையும் அத்தடைக்கு விடை தேடிய முறையும் அடங்கியுள்ளன.

கதிரும் படிகமும்

1895-இல் ஜெர்மானிய அறிஞர் ரோண்ட்கன் கண்டறிந்த எக்ஸ்-கதிர், தசைக்குள் மறைந்த எலும்பைக் காட்டியது. அது வெறும் நிழற்படமே. 1912-இல் மாக்ஸ் பான் லாவே என்னும் அறிஞரின் கருத்துப்படி அக்கதிரை ஒரு படிகத்தின் ஊடே செலுத்தியபோது, பின்னால் வைத்த படத்தகட்டில் பல புள்ளிகள் ஒழுங்காகப் பதிந்தன. அடுத்த ஆண்டிலேயே, இங்கிலாந்தில் பிராக் என்னும் பெயருடைய தந்தையும் மகனும் அத்தகைய புள்ளிகளைக் கொண்டு கறியுப்பின் அணு அமைப்பைக் கணித்துவிட்டனர். 1915-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25.

புள்ளிகள் தோன்றும் காரணத்தை மலேசிய மக்கள் எளிதில் உணரலாம். ரப்பர்த் தோட்டத்தில் மரங்கள் நிரை நிரையாக நடப்பட்டிருக்கும். சாலையில் செல்லும்போது பெரும்பாலும் மரக்கூட்டமே கண்ணில் படும். ஆனால் குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் நிரைகள் திடீரென்று ஒன்றுசேர்ந்து, நெடுந்தொலைவுவரை பாதை திறந்தாற்போல் தோன்றும். எந்தெந்தக் கோணத்தில் அவ்வாறு தோன்றுகிறது என்று குறித்துவந்தால், தோட்டத்துள் கால் வையாமலே மரங்களின் இடைவெளியைக் கணக்கிட்டுவிடலாம். படிகத்தில் அணுக்களும் அத்தகைய நிரைகளில் நிற்கின்றன. அணுக்கள் சிதறடிக்கும் கதிர் அலைகள் சில கோணங்களில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திப் புள்ளியாகப் பதிகின்றன. ஏனைய கோணங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

உப்பில் இருவகை அணுக்களே உள. புரதமோ இருபது வகை அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. 1934-இல் கேம்பிரிட்ஜில் பெர்னால் என்பாரும் டாரதி குரோபுட் அம்மையாரும் பெப்சின் என்னும் புரதப் படிகத்தை, அது விளைந்த நீர்மத்தில் இருந்தபடியே கதிருக்கு முன் வைத்துத் தெளிவான புள்ளிகளைப் பெற்றனர். ஆயினும் புள்ளிகளைப் பெறுவது வேறு. அவற்றிலிருந்து அமைப்பை மீட்பது வேறு. 1937-இல் குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆராயத் தொடங்கிய மாக்ஸ் பெருட்ஸ், அதன் வடிவத்தைக் காண இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.

கோபாலசமுத்திரத்தார்

ஜி. என். இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்து திருநெல்வேலிச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிக்கும். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமனின் ஈர்ப்பால் இயற்பியலுக்கே திரும்பினார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, 1949-இல் டாக்டர் பட்டத்துடன் பெங்களூர் மீண்டார்.

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்த அவர், கிண்டியில் புதிய இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க விழைந்து இராமனை நாடினார். இராமன் தம் மாணவரைக் காட்டினார். 1952-இல் இராமச்சந்திரன் துறைத் தலைவராகச் சென்னை வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. அங்கே எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை அவர் நிறுவினார்.

அவ்வாண்டில் சென்னைக்கு வந்த பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாக அறியப்படவில்லை என்று அவரிடம் கூறினார். தோல், எலும்பு, தசையை எலும்போடு கட்டும் நாண் ஆகியவற்றுக்கு உரம் தருவது கொலாஜன். தோல் பதனிடுவோர் பதப்படுத்துவது இதனையே. தச்சர் காய்ச்சும் வச்சிரப் பசையும் இதிலிருந்து வருவதே. கிண்டி ஆய்வுக்கூடத்துக்கு அண்மையிலேயே நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இயங்கிவந்தது. ஆகவே ஆய்வுக்குரிய பொருளுக்குக் குறைவில்லை. கங்காருவின் வாலிலிருந்து எடுத்த நாண் அங்கிருந்து கிடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த கோபிநாத் கர்த்தா என்னும் இளைஞர் ஆய்வில் துணை நின்றார்.

மூன்று பிரியும் ஒரு கயிறும்

கொலாஜன் உப்பைப் போலப் படிகமாவதில்லை, அது நார். நாரின் கதிர்ப் படத்தில் புள்ளிகள் குறைவு. உள்ளவையும் கலங்கித் தோன்றும். எனவே, படத்தோடு வேறு சான்றுகளையும் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 1951-இல் அமெரிக்க அறிஞர்கள் பாலிங்கும் கோரியும் ஓர் அமைப்பை வெளியிட்டிருந்தனர்; அது கதிர்ப் படங்களோடு பொருந்தவில்லை.

இராமச்சந்திரனும் கர்த்தாவும் பற்றிக்கொண்ட சான்று வேதியியல் தந்தது. கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். எல்லா அமினோ அமிலங்களிலும் சிறியது அதுவே. ஏனையவற்றில் பக்கக்கிளையாக ஓர் அணுக்கூட்டம் இருக்க, கிளைசினில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான் உண்டு. மூன்றில் ஒன்று என்பது தற்செயலாக இருக்க இயலாது. சங்கிலியில் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் நிற்க வேண்டும் என்று அவர்கள் துணிந்தனர். அவ்வாறாயின், மூன்று சங்கிலிகளை நெருக்கமாக அடுக்கி, கிளைசின் நிற்கும் இடங்களையெல்லாம் நடுவே திருப்பி வைக்கலாம். நடுவிடம் மிகக் குறுகியது. அங்கே வேறெந்த அமினோ அமிலமும் அடங்காது.

1954 ஆகஸ்டில் இலண்டன் 'நேச்சர்' இதழில் இக்கருத்து வெளிவந்தது. அதில் மூன்று சங்கிலிகளும் நேராக நின்றன. படத்தோடு முற்றும் பொருந்துவதற்கு அது போதவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் அதனைத் திருத்தி, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றவைத்தனர். நிலா பூமியைச் சுற்றிவரும்போது எப்பொழுதும் ஒரே முகத்தைக் காட்டுவதை எண்ணியபோது இத்தீர்வு தோன்றியது என்று கூறுவர். சங்கிலி சுற்றிச்செல்லும்போது கிளைசின் எப்பொழுதும் நடுவையே நோக்கி நிற்கிறது.

கயிறு திரித்தோர் இதன் வலிமையை உணர்வர். ஒவ்வொரு பிரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனிலும் அவ்வாறே: தனிச்சங்கிலி இடப்புறமாகத் திருகியது, மூன்றும் சேர்ந்த முப்புரி வலப்புறமாகத் திருகியது. ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள். முப்புரியின் அகலம் நீளத்தில் இருநூறில் ஒரு பங்குதான்.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த தடை

அதே 1955-ஆம் ஆண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதினர். இரண்டாண்டுகளுக்கு முன் வாட்சனோடு சேர்ந்து டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட அதே கிரிக்தான் இவர். மூன்று சங்கிலி, மூன்றாம் இடத்துக் கிளைசின், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுதல் ஆகிய அடிப்படைகள் அவர்கள் காட்டிய அமைப்பிலும் இருந்தன. வேறுபாடு நுட்பமானது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் சங்கிலிகளைக் கட்டுவதாகச் சென்னையார் கூறியிருந்தனர். அவ்வாறாயின் சில அணுக்கள் அளவுமீறி நெருங்க நேரும். ஆதலால் ஒரு பிணைப்பே உண்டு என்பது கேம்பிரிட்ஜார் கூற்று.

இரண்டு பிணைப்பு என்னும் கருத்தை இராமச்சந்திரன் எளிதில் விட்டுவிடவில்லை. ஆயினும், தடையின் உள்ளே மறைந்திருந்த ஒரு வினாவை அவர் கண்டுகொண்டார். அணுக்கள் அளவுமீறி நெருங்குகின்றன என்றால், அளவு எது? இரண்டு கரி அணுக்கள், அல்லது ஒரு கரி அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும், பிணைப்பின்றி எவ்வளவு அருகில் நிற்கலாம்? மாதிரி கட்டுவோர் அனைவரும் ஓர் அளவைக் கொண்டே கட்டினர். அவ்வளவு எவ்வளவு நெகிழும் என்பது முறையாக ஆராயப்படாதிருந்தது.

விடையைத் தேட அவர் தம் மாணவர்கள் வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோரோடு நூலகத்துக்குத் திரும்பினார். அதுவரை உலகெங்கும் படிக ஆய்வால் அமைப்பு அறியப்பட்ட அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் அளவுகளையெல்லாம் திரட்டினர். எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு அருகில் இயல்பாக நிற்கிறது, மிக அருகில் வரக்கூடிய கடைசி எல்லை யாது என்று இருவகை எல்லைகளை வகுத்தனர்.

படமும் தளையும்

எல்லை கிடைத்தவுடன் கொலாஜனைக் கடந்து எல்லாப் புரதங்களையும் நோக்க வழி பிறந்தது. புரதச் சங்கிலி, விறைப்பான சிறு அட்டைகளை மூலையோடு மூலை கோத்தாற் போன்றது. அட்டை வளையாது, மூலையில் மட்டும் திரும்பும். ஒவ்வொரு மூலையிலும் திரும்பக்கூடிய இடங்கள் இரண்டு; அவற்றின் கோணங்களைக் கிரேக்க எழுத்துகளால் ஃபை, சை என்பர். இவ்விரு கோணங்களும் தெரிந்தால் சங்கிலி செல்லும் வழி முழுவதும் தெரிந்துவிடும்.

இரு கோணங்களும் தனித்தனியே 360 பாகை திரும்பலாம். கிடைக்கோட்டில் ஒன்றையும் நிலைக்கோட்டில் மற்றொன்றையும் குறித்தால் ஒரு சதுரம் கிடைக்கும். அச்சதுரத்தில் இடைவெளிவிட்டு இடைவெளிவிட்டு ஒவ்வொரு புள்ளியாக எடுத்து, அக்கோணங்களில் அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட வேண்டும். இன்றைய கணிப்பொறிகள் இல்லாத ஆய்வுக்கூடத்தில், மேசைக் கணக்குப்பொறி கொண்டு இவ்வேலை நடந்தது. 1963-இல் மூவர் பெயராலும் ஐந்தே பக்கங்களில் அம்முடிவு வெளிவந்தது.

சதுரத்தில் பெரும்பகுதி வெற்றிடம். கிளைசின் ஒழிந்த அமினோ அமிலங்களுக்கு, எல்லையைத் தளர்த்தினாலும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இடமே நிற்கத்தக்கது; ஏனைய இடங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும். பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் பாதிக்கும் மேற்பட்ட இடம் திறந்திருக்கிறது. பாலிங் கண்ட சுருள் அமைப்பும், பட்டுநூலில் காணும் மடிப்பு அமைப்பும், கொலாஜனின் முப்புரியும் நிற்கத்தக்க பகுதிக்குள்ளேயே வந்து அமைந்தன. கேம்பிரிட்ஜில் கெண்ட்ரு என்பார் படிக ஆய்வால் கண்டிருந்த மயோகுளோபின் என்னும் புரதத்தின் கோணங்களும் பெரும்பாலும் அதற்குள்ளேயே விழுந்தன.

இப்படத்தின் இயல்பைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. வெண்பா எப்பொருளைப் பற்றியும் பாடப்படலாம், சொற்கள் எண்ணிறந்தன. ஆயினும் ஒரு சீரும் அடுத்த சீரும் சேருமிடத்தில் வெண்டளை பிறழலாகாது. தளை தட்டிற்றென்றால், பொருள் எவ்வளவு சிறந்ததாயினும் அது வெண்பா அன்று. புரதமும் கணக்கற்ற வடிவம் எடுக்கலாம்; ஆனால் ஒவ்வொரு மூலையிலும் இரு கோணங்களும் இப்படம் விதித்த எல்லைக்குள் நிற்க வேண்டும். இலக்கணத்திலும் அருகிய வழக்கு உண்டல்லவா? அதுபோலப் புரதத்திலும் ஒன்றிரண்டு இடங்கள் எல்லைக்கு வெளியே நிற்பதுண்டு. அங்கே ஆய்வாளர் மீண்டும் சான்று தேடுவர்.

தீர்ப்பு

ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றா, இரண்டா என்னும் வழக்கு நாற்பதாண்டுக் காலம் நீடித்தது. 1994-இல் அமெரிக்காவில் பெல்லா, ஈட்டன், புரோட்ஸ்கி, பெர்மன் ஆகியோர் கொலாஜனைப் போன்ற சிறு பெப்டைடு ஒன்றைப் படிகமாக்கி, அணு அணுவாக அமைப்பைக் கண்டனர். முப்புரி சென்னையார் கூறியவாறே இருந்தது. சங்கிலிகளை நேரே கட்டும் பிணைப்போ, ரிச்சும் கிரிக்கும் கூறியவாறு ஒன்றே. அதனோடு, சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக நின்று இணைப்புகள் அமைப்பதும் தெரிந்தது. இரண்டாவது பிணைப்பு நீரின் வழியாக அமையலாம் என்று இராமச்சந்திரன் 1968-இல் கூறியிருந்தமை இங்கே நினைக்கத் தக்கது.

நடுவிடத்தில் கிளைசின் ஒழிய வேறொன்று அடங்காது என்ற அன்றைய கணக்கை மருத்துவரும் உறுதிசெய்துள்ளனர். சிலருக்குப் பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோய் உண்டு. அவர்களுள் பலருக்குக் கொலாஜன் சங்கிலியில் ஓர் இடத்துக் கிளைசின் வேறோர் அமினோ அமிலமாக மாறியிருப்பதே காரணம். ஆயிரத்தில் ஓரிடம் மாறினாலும் முப்புரி தளர்ந்துவிடுகிறது.

இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிட்டவில்லை என்று வருந்துவோர் பலர். முப்புரியின் பெருமையைக் கேம்பிரிட்ஜார் கொண்டுபோயினர் என்று கூறுவோரும் உளர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. அடிப்படைக் கருத்து சென்னையில் முதலில் தோன்றியது என்பதை மறைத்துக் கூறுவது முறையன்று. ஆயினும், தடை கூறியோர் பிணைப்பைப் பற்றிச் சொன்னது சரியே என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. மாணவருக்கு வரலாற்றைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. தடை எழாதிருந்தால் அளவைத் தேடும் வேலையும் எழுந்திராது. அவ்வேலை இல்லையேல் படமும் இல்லை. முப்புரி ஒரு புரதத்தின் வடிவம். படமோ எல்லாப் புரதங்களுக்கும் பொது.

கிண்டியிலிருந்து சென்றவர்களும் இக்கலையை வளர்த்தனர். கர்த்தா அமெரிக்காவின் பபலோ நகருக்குச் சென்று, 1967-இல் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தின் அமைப்பைக் கண்டார். இராமச்சந்திரன் பெங்களூர் திரும்பி மூலக்கூற்று உயிர்-இயற்பியல் துறையை நிறுவினார். 1977-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். உலகப் படிகவியல் சங்கத்தின் எவால்ட் பரிசை 1999-இல் பெற்றார். 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதத்தைக் கோக்கும் ரிபோசோம் என்னும் அமைப்பைப் படிக ஆய்வால் கண்டு 2009-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றது இக்கலையின் பிற்கால வெற்றி.

1971-இல் ஏழே புரத அமைப்புகளோடு உலகப் பொதுக் களஞ்சியம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆய்வால் கண்ட அமைப்புகள் இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் உள்ளன. படிக ஆய்வாளர் ஒரு புதிய புரத அமைப்பை அங்கே ஒப்படைக்கும்போது, அதன் கோணங்கள் இராமச்சந்திரன் படத்தில் எங்கே விழுகின்றன என்ற கணக்கும் உடன் வெளியாகிறது. கணிப்பொறியே புரத வடிவை முன்கூட்டிச் சொல்லும் முறைக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாறு சொல்லப்படும் வடிவங்களையும் அதே படத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பினாங்கிலோ வேறெங்கோ உயிரியல் பயிலப் போகும் தமிழ் மாணவர் அப்படத்தை ஒருநாள் பாடநூலில் காண்பர். அதற்கு முன்பே, தளை பயிலும் வகுப்பில், அதன் கதையை அவர்கள் கேட்டிருக்கட்டும். தம் கருத்தில் ஒருவர் குறை கண்டபோது, அக்குறையை அளக்கும் கோலையே செய்து உலகுக்கு அளித்தார் ஓர் அறிஞர். அவர் செய்த கோல் அவருடைய கருத்தையும் அளந்தது. தடை கூறியோரின் கருத்தையும் அளந்தது. இன்னும் காணப்படாத புரதங்களையும் அளக்கக் காத்திருக்கிறது.